மாடியில் குடிக்காத தண்ணீர்

திருச்சி பாலக்கரையில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார் அமலோற்பவம். முன்பு மாலை வகுப்பு எடுத்தவர் என்பதால் தெருவுக்கே அவர் டீச்சர்.

அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர் தணிகாசலம். டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். தொலைபேசி இலாகாவில் லைன்மேனாகக் கம்பம் ஏறிக் காலம் தள்ளி, ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் வகுப்பில் வந்து சேர்ந்தார். வகுப்பு நின்ற பிறகும் அவர் நிற்கவில்லை.

குருவுக்குத் தலை கறுப்பு, சீடருக்கு வெளுப்பு. மருந்துக் கடைக்காரருக்கு இதில் தீராத வேடிக்கை.

"என்ன தணிகாசலம், இன்னிக்கு என்ன பாடம்?"

"தண்ணி குடிக்கிற பாடம்."

அது பொய்யில்லை. டீச்சர் சொல்லிக் கொடுத்த ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வார். கேபிளை ஏன் மடக்கக் கூடாது, தூசியை ஏன் வாயால் ஊதக் கூடாது, எதை முதலில் கழற்ற வேண்டும், எதைக் கடைசியில் மாட்ட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை.

ஒரு வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் இரண்டு முறை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரில் யார் உட்காருகிறாரோ அவர் கையால். அண்ணாந்து ஊற்றிக்கொண்டு ஓடக் கூடாது, உட்கார்ந்து குடிக்க வேண்டும்.

"எதுக்கு டீச்சர்?"

"தாகத்துக்கு."

"எனக்குச் சர்க்கரை. ரெண்டு தம்ளர் குடிச்சா மூணு தரம் போகணும். போற வீட்ல அதுக்கும் இடம் கேக்கணுமா?"

"கேளுங்கண்ணே."

டீச்சரோடு வேலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறார். தம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் சாவகாசமாகக் குடிப்பார். தண்ணீர் கொண்டுவந்தவர் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஏதாவது பேசுவார். பரீட்சை, மூட்டுவலி, பக்கத்து வீட்டு நாய். வேலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. தணிகாசலம் பையை மூடி மூடித் திறப்பார்.

லைன்மேன் காலத்தில் அவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ரிசீவரைக் காதில் வைத்தால் டயல் டோன் வரவேண்டும். வந்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த ஃபோனில் யார் யாரோடு என்ன பேசினால் லைன்மேனுக்கு என்ன?

ஆனி மாதத்தில் ஒரு நாள் திருவானைக்கோயிலில் இருந்து கூப்பிட்டார்கள். கட்டட கான்ட்ராக்டர் சேதுமாதவன் வீடு. கீழே ஒரு கம்ப்யூட்டர், மாடியில் ஒரு கம்ப்யூட்டர். கீழே இருப்பதற்கு மேலே இருப்பது தெரியவில்லை.

அன்று டீச்சருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது.

"நீங்க மட்டும் போய்ட்டு வாங்கண்ணே."

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தனியாகப் போவது அதுதான் முதல் தடவை.

"வேற ஏதாவது சொல்லணுமா டீச்சர்?"

"தண்ணி குடிங்க."

சேதுமாதவன் நல்ல மனுஷர். வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். தண்ணீர் கேட்டதும் தானே எழுந்துபோய்க் கொண்டுவந்தார். பின்னாலேயே காபியும் வந்தது.

"இந்தக் கூத்தைப் பாருங்க சார். அது தலைக்கு மேல உக்காந்திருக்கு. மாடியில நடந்தா இங்க சத்தம் கேக்குது. இது என்னடான்னா அப்படி ஒரு கம்ப்யூட்டரே இல்லைன்னு சத்தியம் பண்ணுது."

"பாத்துடலாம் சார்."

"சைட்ல எடுக்கிற வீடியோ சேர்ந்து சேர்ந்து என்னுது ரொம்பிப் போச்சு. மேல பெரிய டிஸ்க், நான் வாங்கிப் போட்டது. சும்மா கெடக்கு. அதுல கொஞ்சம் இடம் கெடைச்சா என் பாடு நிம்மதி."

தணிகாசலம் வரிசையாகப் பார்த்தார். கேபிளில் குறையில்லை. இரண்டையும் இணைக்கும் பெட்டியில் பச்சை விளக்குகள் ஒழுங்காகச் சிமிட்டின. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றைக் கூப்பிட்டுப் பார்ப்பதற்குப் பிங் என்று பெயர். கீழே இருந்து பிங் செய்தார். பதில் இல்லை. மறுபடி செய்தார். இல்லை.

"மேல போய்ப் பாக்கணும் சார்."

"தாராளமா. பூரணி! சார் வர்றார் பாரு."

மாடி அறையில் சேதுமாதவனின் மனைவி பூரணி நின்றிருந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது. அறையில் நாற்காலி கம்ப்யூட்டரைப் பார்த்துப் போடப்படவில்லை, ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு கொட்டாங்கச்சியில் கொஞ்சம் கம்புத் தானியம். அதன் பக்கத்தில் பஞ்சு உறை மாட்டிய சின்ன மைக். வெளியே, பக்கத்து மனையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம். கலவை இயந்திரம் ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தது.

தணிகாசலம் எல்லாவற்றையும் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மேலே இருந்து கீழே பிங் செய்தார். பதில் உடனே வந்தது.

"ஆஹா. இது கூப்பிட்டா அது பேசுது. அது கூப்பிட்டா இது பேச மாட்டேங்குது."

அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பூரணி அறையில் இல்லை. திரும்பி வந்தபோது கையில் தம்ளர் இருந்தது. மேசைமேல் வைத்தாள்.

"தண்ணி குடிங்க சார்."

"வேணாம்மா. கீழே சார் தண்ணி குடுத்து, காபியும் குடுத்துட்டார்."

"பரவாயில்ல, கொஞ்சம் குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

"மெஷின் பக்கத்துல தண்ணி வைக்காதீங்கம்மா. தட்டி விட்டுட்டா வம்பு."

அவள் தம்ளரை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டுபோய் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

தணிகாசலம் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வாசல்காவல்காரன் மாதிரி ஒரு ஃபயர்வால் உண்டு. யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். இந்தக் காவல்காரனுக்கு யாரோ ஒரே ஒரு கட்டளை கொடுத்திருந்தார்கள்.

"அட, இங்க பாருங்க! கீழே இருக்கிற மெஷினோட நம்பரை மட்டும் போட்டுத் தடுத்திருக்கு. உலகத்துல எவன் கூப்பிட்டாலும் என்னன்னு கேக்கும், வீட்டுக்குள்ள இருந்து கூப்பிட்டா மட்டும் வாயே தெறக்காது. யார் கை வெச்சாங்களோ."

"அது..." என்றாள் பூரணி.

கீழே இருந்து குரல் வந்தது. "சார், ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு!" என்று தணிகாசலம் மாடிப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினார். திரும்பி, அந்தக் கட்டளையை அழித்தார்.

"எடுக்க, வைக்க, அழிக்க எல்லாம் வர்ற மாதிரி போட்டுடுங்க சார்! சும்மா சும்மா உங்களைக் கூப்பிட முடியாது!"

"அதுக்கென்ன சார்!"

எல்லாவற்றுக்கும் அனுமதி போட்டார். கீழே ஓடிவந்து பார்த்தார். மேல்மாடி டிஸ்க் கீழே திறந்துகொண்டது. சேதுமாதவன் கைதட்டினார்.

"கெட்டிக்காரர் சார் நீங்க."

தணிகாசலம் வாசலில் செருப்பை மாட்டும்போது தற்செயலாக நிமிர்ந்தார். பூரணி மாடிப்படியின் நடுவில் நின்றிருந்தாள். தம்ளர் இன்னும் கையில் இருந்தது.

சாயங்காலம் டீச்சர் பல்விளக்கும் பிரஷ் ஒன்றால் ஒரு கீபோர்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"டயல் டோன் வந்தாச்சு டீச்சர்."

"என்ன கோளாறு?"

"ஃபயர்வால்ல கையால போட்ட தடை. அந்த ஒரு நம்பருக்கு மட்டும். தெரியாத்தனமா எதையோ தட்டிட்டாங்க போல."

"நம்பர் மாறாம, சரியா அந்த ஒண்ணை மட்டும்?"

"ஆமா."

டீச்சர் கீபோர்டில் ஒரு பட்டனைப் பிடுங்கி அடியில் தேய்த்தார்.

"தண்ணி?"

"கீழே குடிச்சேன். காபி கூடக் குடுத்தாரு. தங்கமான மனுஷன்."

"மேலே?"

"தாகமில்ல டீச்சர். அந்தம்மா குடுத்தாங்க, வயித்துல எடமில்ல."

டீச்சர் அந்தப் பட்டனைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து அழுத்தினார்.

"நாளைக்கு அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க."

"வேலைதான் முடிஞ்சிருச்சே?"

"தண்ணி குடிச்சிட்டு வாங்க."

தணிகாசலம் கீழே இறங்கி மருந்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். "பாலத்தைத் தாண்டிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வரணுமாம்யா. நடுவுல காவேரியே ஓடுது. அதுல எறங்கிக் குடிச்சா ஆகாதாமா?"

மறுநாள் உறையூரில் ஒரு வேலை வந்தது. அதற்கு மறுநாள் பிரிண்டர் ஒன்று மக்கர் செய்தது. டீச்சர் ஒருமுறை கேட்டார். "போகணும் டீச்சர்" என்றார். பிறகு டீச்சரும் கேட்கவில்லை.

ஆடிக் காற்று தெருக்குப்பையைச் சுழற்றியடித்த ஒரு மத்தியானம், கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பூரணி இறங்கினாள். பழைய போர்வையில் முடிச்சுப் போட்டு, வண்ணானுக்குப் போடும் மூட்டை மாதிரி எதையோ இரண்டு கையாலும் சுமந்துகொண்டு படியேறினாள்.

போர்வையைப் பிரித்தாள். மாடிக் கம்ப்யூட்டர்.

"அழிஞ்சு போனது திரும்ப வருமான்னு பாக்கணும்."

"என்ன அழிஞ்சது?" என்று கேட்டார் டீச்சர்.

"சத்தம்."

"பாட்டாம்மா?" என்றார் தணிகாசலம்.

"பறவைங்க."

உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தணிகாசலத்துக்கு அது, சுவருக்குள் புதைந்த கம்பியைத் துண்டு துண்டாக உருவுவது போல இருந்தது.

அவர்கள் வீட்டை ஒட்டி ஓர் இலுப்பைத் தோப்பு இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் யாரோடும் பேசாமல் ஜன்னலில் நிற்பாள். பிறகு நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. விடியலில் எது முதலில் கூவுகிறது, மழைக்கு முன்னால் எது கத்துகிறது என்று கவனிக்க ஆரம்பித்தாள். தம்பி ஒரு மைக் வாங்கிக் கொடுத்தான். வருஷக்கணக்கில் பதிந்து வைத்தாள்.

"ஒரு காலேஜ்ல பறவையைப் பத்திப் படிக்கிற பிள்ளைங்க கேள்விப்பட்டு, வந்து கேக்கணும்னாங்க. அடுத்த வாரம் வர்றாங்க. அந்தத் தோப்புல என்னென்ன இருந்துச்சுன்னு வேற யார்கிட்டயும் இல்லையாம்."

"தோப்புல திரும்பப் பதிஞ்சுக்கலாமேம்மா?" என்றார் தணிகாசலம்.

பூரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க வந்தப்போ ஜன்னல்ல பாத்திருப்பீங்களே. அவரோட ஃபிளாட். அதான் தோப்பு."

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமினார்கள்.

"யார் அழிச்சது?" என்றார் டீச்சர்.

"கோவமா எல்லாம் அழிக்கல. கீழே உக்காந்தே பாத்திருக்கார். டிஸ்க் பூரா காக்கா கத்துற சத்தமா இருக்கு, எடத்தை அடைச்சுக்கிட்டுன்னு தள்ளிட்டு வீடியோவைப் போட்டுட்டார். சாப்பிடும்போது சொன்னார். கூட்டு நல்லாயிருக்குன்னார், அதையும் சொன்னார்."

"முன்னாடி எப்பவாவது?"

"ஒருதரம் பண்ணினார். அப்பதான் கத்துக்கிட்டுத் தடை போட்டேன். ஒரு புத்தகத்தைப் பாத்து, ஒவ்வொரு எழுத்தா."

தணிகாசலம் எழுந்து போய்க் கம்ப்யூட்டரை மேசைக்குத் தூக்கினார். அழிந்ததை மீட்கும் வேலையை டீச்சர்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அழித்ததுமே எதுவும் அழிந்துவிடுவதில்லை. பெயர்ப்பலகை மட்டும்தான் கழற்றப்படுகிறது, சரக்கு உள்ளேயே இருக்கும். அந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து எழுதாதவரைக்கும்.

திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"வருதும்மா, வருது! மாங்குயில். செம்போத்து. வால்காக்கை. கரிச்சான், அது பெரிய ஃபைலு. தையல்சிட்டு..."

பூரணி எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

மாங்குயிலைத் திறந்தார். கர்ரென்று ஓர் இரைச்சல். காதைக் கிழித்தது. செம்போத்து, அதே இரைச்சல். வால்காக்கை, அதே. பெயர்கள் இருந்தன. சரக்கு இருந்த இடத்தில் கட்டட வீடியோ எழுதப்பட்டிருந்தது. கரிச்சான் இருந்த இடத்தில் எந்தத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்களோ.

அவர் விடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தார். மத்தியானம் கழிந்து வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிற்று. கடைசியில் ஒன்று இரைச்சல் இல்லாமல் திறந்தது.

குக். குக். குக். குக்.

எங்கோ ஓர் இலை மறைவில் யாரோ சின்னச் செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போல. நடுவே இலைகள் அசையும் ஓசை. தூரத்தில் கோயில் மணி ஒன்று. ஒரு பெண் மூச்சை அடக்கிக்கொண்டு விடுகிற சத்தம்.

"குக்குறுவான்" என்றாள் பூரணி.

குக். குக்.

இரைச்சல்.

தணிகாசலம் நிறுத்தக் கை நீட்டினார். அவள் வேண்டாமென்று விரலை அசைத்தாள். அது தானாக முடியும்வரை நின்று கேட்டாள். கிட்டத்தட்ட ஒரு பாட்டு நேரம் அந்த இரைச்சல் ஓடியது.

முடிந்ததும் போர்வையை எடுத்து உதறி விரித்தாள்.

"காலேஜ் பிள்ளைங்கள வர வேண்டாம்னு சொல்லணும்."

தணிகாசலம் எழுந்தார். மூலையில் இருந்த பானையில் இருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து நீட்டினார்.

"குடிங்கம்மா."

"வேணாம் சார். தாகமில்ல."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலாம் என்று தோன்றியது அவருக்கு. தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் தடை..." என்றாள் பூரணி. "திரும்பப் போட்டுக் குடுப்பீங்களா? எனக்குத் தெரியும், இருந்தாலும் இன்னிக்குக் கை ஓடல."

"போடறேம்மா. ஆனா இனிமே அதுக்குள்ள..."

"போடுங்க சார்."

போட்டுக் கொடுத்தார். கீழே இருக்கும் மெஷினின் நம்பரை அவரே நினைவில் வைத்திருந்தார். அவள் முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டாள். உதவிக்குப் போனார். "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

டீச்சர் ஒரு கீபோர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தணிகாசலம் தண்ணீரைப் பானையிலேயே ஊற்றினார். பிறகு, அப்படி ஊற்றக் கூடாது என்று நினைவு வந்து தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"தொழில்ல நான் பண்ணின தப்பு என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல."

"திட்டறதுன்னா திட்டிடுங்க."

"தப்பா பண்ணியிருந்தா லைன் வந்திருக்காது. பறவைங்க இருந்திருக்கும்."

தணிகாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காற்று ஜன்னல் கதவை அடித்தது. போய்க் கொக்கியை மாட்டினார். மாட்டிவிட்டு அங்கேயே நின்று, தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

"கம்பம் ஏறுறவன்கிட்ட முன்னாடியே சொல்லுவாங்க, எதுல கரன்ட் இருக்கு, எதைத் தொடாதேன்னு. நீங்க தண்ணி குடி, தண்ணி குடின்னீங்க. எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்ல?"

டீச்சர் கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து மெல்லத் தட்டினார். கொஞ்சம் தூசி விழுந்தது.

"கேட்டிருப்பீங்கண்ணே. தண்ணி குடிச்சு அவங்களைப் பேச விடாம, 'மேல அம்மாவுக்குச் சம்மதம்தானே சார்'னு கீழேயே கேட்டிருப்பீங்க. அவரும் ஆமான்னிருப்பார்."